வால் ஆடினா பசின்னு அர்த்தமா?

கொஞ்சம் நிறுத்துறீங்களா, கிளியக்கா? கீரி வைத்தியர் கல்நெஞ்சக்காரராம்! நாயைப் பட்டினி போட்டு இளைக்க வெச்சாராம்! காடு பூரா பறந்து பறந்து சொல்றீங்களே, நடந்ததை நீங்க பாத்தீங்களா? நான் பாத்தேன். பிள்ளைகளா, நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நம்ம காட்டுல கரடி மாமா ஒரு நாய் வளக்குறார். பேரு செவலை. மாமாவுக்கு அவன்தான் உயிரு. ஆனா செவலை வாலை ஆட்டிட்டா போதும், "ஐயோ, புள்ளைக்குப் பசிக்குது!"ன்னு பதறிடுவார். காலையில வால் ஆடினா தேன். மத்தியானம் ஆடினா பலாச்சுளை. சாயங்காலம் வெங்காய வடை.

செவலை பூசணிக்காய் மாதிரி உருண்டுட்டான். நாலு அடி வெச்சா மூச்சு இரைக்கும். ஒரு நாள் திராட்சை போட்ட பாயசத்தைக் குடிச்சிட்டு, வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தான். மாமா அவனைத் தூக்கிக்கிட்டு வைத்தியர்கிட்ட ஓடினார்.

பொழைக்க வெச்சாரே, அந்தக் கீரி! மூணு நாள் பக்கத்துலயே இருந்தார். நாலாம் நாள் செவலையோட விலாவைத் தடவிப் பாத்தார்.

"அண்ணே, இவனுக்கு எலும்பு இருக்கா? தேடிக்கிட்டே இருக்கேன்."

"கிண்டல் பண்ணாதீங்க வைத்தியரே. பசிக்குதுன்னு கேக்குறான், எப்படிப் போடாம இருக்குறது? இதோ, இப்பவும் வாலை ஆட்டுறான் பாருங்க!"

நானா இருந்தா கத்தியிருப்பேன். கீரி கத்தலை. அங்கதான் இருக்கு அவரோட கெட்டிக்காரத்தனம்.

"சரிண்ணே. ஒரு கிண்ணத்துல நெய்ச்சோறு வைங்க. நீங்க வெறுங்கையோட ஓடைப் பக்கம் நடங்க. திரும்பிப் பாக்கக் கூடாது."

மாமா நடந்தார். செவலை சோத்தைப் பாத்தான். மாமாவோட முதுகைப் பாத்தான். அப்புறம், இரைச்சுக்கிட்டே, தள்ளாடித் தள்ளாடி மாமா பின்னாடியே போனான். அவர் கையை நக்கினான். வால் அப்படிச் சுழண்டுச்சு!

"என் கையில ஒண்ணுமே இல்லையேடா!" மாமா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினார்.

"அவன் கேட்டது உங்களைத்தான் அண்ணே. நீங்கதான் ஒவ்வொரு தடவையும் சோத்தைக் கொடுத்து அனுப்பிட்டீங்க."

அன்னையிலிருந்து வெங்காயம், திராட்சை எதுவும் செவலை பக்கமே வர்றதில்லை. ரெண்டும் நாய்க்கு விஷம். உப்பு, காரம் இல்லாம வேக வெச்ச மீன், முள்ளெல்லாம் எடுத்துட்டு. கூடவே கொஞ்சம் சோறு, பூசணித் துண்டு. காலையில ஒரு கொட்டாங்குச்சி, சாயங்காலம் ஒரு கொட்டாங்குச்சி, அவ்வளவுதான். நடுவுல வால் ஆடினா? மாமா எந்திரிச்சு அவன்கூட நடப்பார். மாமா முடியாதுன்னு உக்காந்த நாள்ல வைத்தியரே கூட்டிட்டுப் போவார். மழையிலகூட! அப்படி ஒரு மனுஷ... சரி, அப்படி ஒரு கீரியை நான் பாத்ததில்லை.

நேத்து செவலை மேட்டு மேல ஏறி முயலுங்களோட ஓடிப் பிடிச்சு விளையாடினான். அதைப் பாத்துட்டுத்தானே "இளைச்சுட்டான், இளைச்சுட்டான்"னு ஆரம்பிச்சீங்க?

நாளைக்குக் காலையில எல்லாரும் தண்ணி குடிக்க வர்ற நேரத்துக்கு ஓடைக்கு வாங்க, கிளியக்கா. செவலை இளைச்சானா, பொழைச்சானா? ரெண்டுல ஒண்ணை எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்க!

நீதி: வளக்குற உயிருக்கு நமக்குப் பிடிச்சதைப் போடாதீங்க, அது உடம்புக்கு ஒத்துக்கிறதை அளந்து போடுங்க.