மூன்றாம் வளைவின் கீழே ஒரு பாய்

மார்கழி இருபத்தெட்டாம் நாள், பொழுது விடிந்து ஐந்து நாழிகைக்கு, நாற்பத்தொரு குறைகள் எழுதிய ஓலையோடு அரசவைக்குள் வந்தார் ஸ்தபதி விடங்கர். இது நடந்தது வெகு காலத்துக்கு முன்பு. அப்போது கோடைமலை நாட்டை வல்லபராயன் என்ற அரசன் ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்த நாளில் நடந்தாக வேண்டும். ஜன்னலில் மயில் தெரியவில்லை என்று புதுக் கொலுமண்டபத்தின் சுவரை இரண்டு முறை இடிக்கச் சொன்னவன் அவன்.

அந்த மண்டபத்தில் தைப்பூசத்தன்று கொலு வீற்றிருக்க வேண்டும் என்பது அரசனின் ஆசை. பூசத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. கட்டும் வேலையை ஒப்பந்தம் எடுத்தவன் பொன்னம்பி. அவன் பிரதானி கும்பலிங்கத்தின் மைத்துனன். வரைபடம் போட்டவர் விடங்கர். வேலை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதும், முடிந்த பிறகு நிறைவு ஓலையில் முத்திரை வைப்பதும் அவர் பொறுப்பு. அந்த ஓலையோ அவர் அனுமதியோ இல்லாமல் எந்தக் கட்டடத்திலும் ஆள் நுழையக் கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம்.

"நாற்பத்தொன்றா?" என்றான் அரசன்.

"நாற்பது குறைகளைச் சரிசெய்துவிட்டார்கள், அரசே. கதவு இழுத்துப் பிடித்தது, படி ஒன்று உயரமாக இருந்தது, எல்லாம் முடிந்தது. ஒன்றுதான் பாக்கி. மூன்றாம் வளைவுக் கூரையின் பூச்சை உடைத்து உள்ளே பார்க்க வேண்டும்."

பிரதானி சிரித்தார். "அரசே, இவர் இரண்டு வருடமாக ஒரு செங்கல்லைத் தூக்கியதில்லை. வருவார், சுற்றிப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், போய்விடுவார்."

"நான் செய்கிற வேலையும் அதுதானே, பிரதானி?" என்றான் அரசன். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவையினர் தரையைப் பார்த்தார்கள்.

விடங்கர் விஷயத்துக்கு வந்தார். மண்டபத்துக்கு ஏழு வளைவுக் கூரைகள். செங்கல் வேலை முடிந்ததும் அவர் ஏறிப் பார்த்து, சரியாக இருந்தால் காவியில் ஒரு கோடு போடுவார். கோடு விழுந்த பிறகே மேலே சுண்ணாம்புப் பூச்சு. தூண் கல் பார்க்க அவர் மலைக்குப் போயிருந்த பதினெட்டே நாளில், கடைசியாக மீந்திருந்த மூன்றாம் வளைவு எழும்பி, பூச்சும் முடிந்திருந்தது. மற்ற ஆறும் ஒவ்வொன்றும் நாற்பது நாள் எடுத்தவை.

"கைப்பழக்கம் வந்துவிட்டது ஐயா" என்றான் பொன்னம்பி.

"சாந்துக்குமா பழக்கம் வந்தது? அது இறுகக் குறைந்தது இருபத்தொரு நாள், வளைவைக் கீழிருந்து தாங்கும் முட்டுக்கால்கள் நிற்க வேண்டுமே."

"என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றான் அரசன்.

"பூச்சுக்குப் பின்னால் இருப்பது என் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் உடைக்கக் கேட்கிறேன்."

"உடைத்தால் பூசம் தவறிவிடும். பொறாமையில் இழுத்தடிக்கிறார், அரசே" என்றார் பிரதானி.

அரசனுக்குப் பொறுமை போய்விட்டது. "விடங்கரே, நாளை உச்சிப் பொழுதுக்குள் நிறைவு ஓலை வர வேண்டும். இல்லையென்றால் முத்திரையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு நாட்டைவிட்டுப் போய்விடும்."

மறுநாள் விடங்கர் ஓலையோடு வந்தார். முத்திரை மட்டும் வைக்கவில்லை.

"மண்டபத்தை ஒப்படைக்கும்போது யாருக்கு எந்த இடம் என்று காட்டுவதும் என் வேலைதான், அரசே. ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். அங்கேயே முத்திரை வைக்கிறேன்."

மண்டபத்தில் பாய்கள் விரிக்கப்பட்டிருந்தன. மூன்றாம் வளைவுக் கூரைமேல் வைக்க வேண்டிய பெருமுரசோடு ஆறு பேர் வெளியே ஏணியடியில் நின்றார்கள். தான் நேரில் வந்து சொல்லாமல் யார் கூப்பிட்டாலும் ஏறக் கூடாது என்று விடங்கர் அவர்களிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

"அரசருக்கு வலப்பக்கம், மூன்றாம் வளைவின் கீழே, பிரதானியாருக்கும் அவர் மைத்துனருக்கும். இதைவிடப் பெரிய இடம் இந்த மண்டபத்தில் இல்லை. உட்காருங்கள், முரசை ஏற்றிவிடலாம்."

பிரதானி உட்காரவில்லை. "வாசலில் நின்று வரவேற்பதுதான் எனக்கு மரியாதை" என்றார்.

"வரவேற்க இன்று யார் வருகிறார்கள்?" என்றான் அரசன்.

"இடுப்பு வலி, அரசே. தரையில் உட்கார முடியாது."

"பீடம் போடச் சொல்கிறேன்" என்றார் விடங்கர்.

"இங்கே காற்று வராது."

"தலைக்கு மேலேயே ஜன்னல் இருக்கிறது. மயில்கூடத் தெரியும்."

அரசன் சுற்றிலும் பார்த்தான். "பொன்னம்பி எங்கே?"

"வெளியே விட்ட செருப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார்" என்றான் காவலன்.

அரசன் எழுந்தான். "இவ்வளவு நல்ல இடம் வீணாகப் போகிறதே. நானே உட்காருகிறேன். முரசை ஏற்றச் சொல்." அவன் மூன்றாவது அடி வைத்தபோது பிரதானி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"வேண்டாம் அரசே!"

"ஏன்?"

பிரதானி அரசனைப் பின்னுக்கு இழுத்தார். பிடித்த கையை விடவில்லை.

அன்று மாலையே, கீழே முட்டுக்கால் கொடுத்துவிட்டுப் பூச்சை உடைத்தார்கள். சாந்து விரல் பட்டதும் உதிர்ந்தது. பூசத்துக்குள் முடித்துக் காட்டி நல்ல பெயர் வாங்கலாம் என்று வளைவு கட்டிய ஆறாம் நாளே முட்டுக்கால்களை எடுக்கச் சொன்னது பிரதானிதான் என்று, காவலர் பிடித்து வந்த பொன்னம்பி ஒப்புக்கொண்டான்.

அரசன் அவையில் பேசினான். "மூன்றாம் வளைவைப் பிரித்துப் பொன்னம்பி மறுபடி கட்டட்டும். சாந்து இறுகும் இருபத்தொரு நாளும் பிரதானி குடத்தில் நீர் சுமந்து அதை நனைக்கட்டும். இனிமேல் காவிக் கோடு இல்லாமல் பூசச் சொன்னால், சொல்வது நானாகவே இருந்தாலும், பூசக் கூடாது. விடங்கரே, உமக்கு என்ன வேண்டும்?"

"கொலுவுக்கு வேறு நாள் வேண்டும், அரசே."

"அந்த நாளை நீரே குறியும்" என்றான் அரசன். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவை அதுவரை கேட்டதில்லை.

பங்குனி உத்திரத்தன்று கொலு நடந்தது. அன்று விடங்கர் கொடுத்தது உள்ளே நுழைய அனுமதி மட்டும். ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே நிறைவு ஓலை என்று அதில் எழுதியிருந்தார். அரசன் மறுக்கவில்லை.

அடுத்து வந்த ஐப்பசி பதினாறாம் நாள், மூன்று நாள் அடைமழை நின்றதும், விடங்கர் ஏழு வளைவுகளையும் மேலும் கீழும் பார்த்தார். கசிவு இல்லை. நாற்பத்தொன்றாம் குறையை அடித்துவிட்டு முத்திரை வைத்தார்.