தனி ஆவர்த்தன நேரம்

நாகலிங்கம் எழுதற நாவல்ல ஒரு பொண்ணு ஒன்றரை மாசமா நடு ஆத்துல ஓடத்துலயே நின்னுக்கிட்டிருந்தா. இந்தக் கரையும் இல்ல, அந்தக் கரையும் இல்ல. தை பொறக்கறதுக்குள்ள முடிச்சுக் குடுக்கலன்னா வேற ஆளோட புத்தகத்தைப் போட்டுடுவோம்னு பதிப்பகத்துல கறாரா சொல்லிட்டாங்க. முப்பது வருஷம் தபாலாபீஸ்ல முத்திரை குத்துன மனுஷனுக்கு இதுதான் முதல் புத்தகம்.

ஆனா மெட்ராஸ்ல மார்கழி மாசம் யாரால வீட்ல உக்கார முடியும்? காலைல கச்சேரி, மத்தியானம் ஓவியக் கண்காட்சி, சாயங்காலம் புத்தக வெளியீடு, அதுக்கு மேல நாடகம். ஒண்ணையும் விடமாட்டாரு.

அவருக்கு எழுத்து சொல்லிக் குடுக்கறவ அலர்மேலு. அவரைவிட இருபது வயசு சின்னவ. ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்"னுதான் கூப்பிடுவாரு.

"டீச்சர், பேசாம ஏதாவது மலைக்குப் போயிடட்டுமா?"

"ஏற்காடு போனீங்களே சார்?"

போனாருதான். அது ஒரு கூத்து. பத்து நாள் ரூம் போட்டுத் தங்கி, வெந்நீர் வரலன்னு லாட்ஜுக்கு நாலு பக்கம் புகார் எழுதிட்டு வந்தாரு. நடை நல்லாருக்குன்னு மேனேஜரே சொன்னாராம். அது கிடக்கட்டும்.

"அப்ப என்னதான் பண்றது? ஊரை விடறதா, எழுத்தை விடறதா?"

"நாளைக்கு என்கூட சபாவுக்கு வாங்க"ன்னா அலர்மேலு.

மறுநாள் பாட்டு அமர்க்களமா போச்சு. பாடகி பாட்டை நிறுத்தி, மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கத் தனி ஆவர்த்தனம் விட்டாங்க. அவ்வளவுதான், சபையே எழுந்து கேன்டீனைப் பாத்து நடந்துச்சு. அந்த கேன்டீன் அடை அவியல் அப்படி. டிக்கெட் வாங்கிட்டு வந்த ஒருத்தர், பாட்டே கேக்காம சாப்பிட்டுட்டுப் போயிட்டாராம்!

நாகலிங்கமும் பையைத் தூக்கினாரு.

"எங்க சார்?"

"தனிதானே டீச்சர்? இப்பக் கிளம்பினா வெளியீட்டு விழாவுக்குச் சரியா இருக்கும்."

"உக்காருங்க."

உக்காந்தாரு. சுத்தி அத்தனை நாற்காலியும் காலி. மிருதங்கம் மெதுவா, ரொம்ப மெதுவா, ஓடத்துப் பலகைல தண்ணி மோதற மாதிரி கேட்டுச்சு. அவருக்குக் கண்ணு செருகிச்சு. நாற்காலி வரிசையெல்லாம் அலை அலையா அசைஞ்சுது. தூரத்துல அந்தப் பொண்ணு மெள்ள உக்காந்து, துடுப்பைக் கையில எடுத்தா.

பதறிப்போய் பேனாவைத் துழாவி, விழா அழைப்பிதழோட பின்பக்கத்துல எழுத ஆரம்பிச்சாரு. நாலு வரி. அஞ்சு வரி. சட்டுன்னு நிமிந்து பாத்தாரு.

"டீச்சர், ஊரு எங்க போச்சு?"

"காபி குடிக்கப் போயிருக்கு சார். வந்துரும். நீங்க எழுதுங்க."