பவளக்கொடி மலை இறங்கின நாள்

படுத்துட்டியா கண்ணு? போர்வைய இழுத்துக்கோ. அத்தை இன்னிக்கு ஒரு கார் கதை சொல்றேன். நடுவுல நடுவுல "ம்" சொல்லணும். "ம்" வரலைன்னா நீ தூங்கிட்டேன்னு நான் எந்திரிச்சுப் போயிடுவேன்.

ஒரு ஊர்ல ஒரே ஒரு கார் இருந்துச்சு. மலை மேல சின்ன ஊர், தேன்வளவுன்னு பேரு. அங்க பஸ்ஸு வராது. அதனால பிள்ளைங்களப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறது, காய்ச்சல்காரங்கள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது, எல்லாம் அந்தக் கார்தான். வயசான வெள்ளைக் காரு. சாவியத் திருப்பினா "கொர்... கொர்... கொர்ர்ர்"னு மூணு தடவை இருமிட்டுத்தான் கிளம்பும்.

அதை ஓட்டினவரு பேரு பொன்னுரங்கம். கெட்டிக்கார டிரைவர். ஆனா வாயத் திறந்து பேச மாட்டாரு. அவரு பொண்ணு பூவிழிக்குப் பத்து வயசு. அவ வாய மூடவே மாட்டா. "இந்தக் குச்சிய எதுக்குப்பா உருவிப் பாக்குறீங்க? எண்ணெய் ஏன் கறுப்பாயிடுச்சு? சக்கரத்துக்குள்ள காத்துதான் இருக்குன்னா, காத்து எப்படிக் காரைத் தாங்குது?" அவரு எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் வச்சிருந்தாரு. "தொடாத. தள்ளி நில்லு."

"ம்."

அவரு சம்சாரம் பவளக்கொடி. அவளுக்குக் கார் ஓட்டணும்னு ரொம்ப ஆசை. எல்.எல்.ஆர். எடுத்து, முன்னாடியும் பின்னாடியும் சிவப்பா "எல்" போர்டு ஒட்டி, ஊருக்குள்ள நல்லாவே ஓட்டிப் பழகிட்டா. ஆனா லைசென்ஸ் டெஸ்டு கீழ டவுன்லதான் நடக்கும். அதுக்கு மலை இறங்கணும். நாப்பத்தி ரெண்டு வளைவு. ஒவ்வொண்ணும் கொண்டை ஊசி மாதிரி மடங்கி மடங்கிப் போகும். "அடுத்த வாரம் போலாங்க, அடுத்த வாரம் போலாங்க"ன்னு பயந்துக்கிட்டே நாளத் தள்ளிட்டா. எல்.எல்.ஆருக்கு ஆறு மாசம்தான் ஆயுசு.

அப்போ பாத்து என்ன ஆச்சு, பொன்னுரங்கம் பலா மரத்துல ஏறினவரு வழுக்கி "தொப்"புனு விழுந்துட்டாரு. வலது கை மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. மூணு மாசம் ஸ்டியரிங்கத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கார் வாசல்லயே நின்னுச்சு. பிள்ளைங்க அஞ்சு மைல் நடந்து பள்ளிக்கூடம் போச்சுங்க. ரெண்டு சின்னதுங்க போறதையே நிறுத்திடுச்சுங்க. அதுல ஒரு பிள்ளையோட அம்மா ஒரு நாள் வந்து, காரப் பாத்துக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னாங்க. ஒண்ணும் கேக்காம திரும்பிப் போயிட்டாங்க. பவளக்கொடி அன்னிக்கு ராத்திரியே எல்.எல்.ஆர எடுத்துத் தேதியப் பாத்தா.

எல்.எல்.ஆர். முடியப் பத்து நாள்தான் பாக்கி, அதுக்குள்ள வர்ற கடைசி டெஸ்டு நாளைக்கு. அவ புருஷங்கிட்டப் போய், "நாளைக்கு நான் மலை இறங்கறேங்க. நீங்க பக்கத்துல உக்காந்து சொன்னாப் போதும்"னா.

பொன்னுரங்கம் எந்திரிச்சுப் போய்க் கார் சக்கரத்தக் காலால தட்டிப் பாத்தாரு. அப்புறம், "ஏழு மணிக்குக் கிளம்பணும். பன்னண்டுக்குள்ள டெஸ்டு முடிச்சுடுவாங்க"ன்னாரு. திரும்பிப் பொண்ணப் பாத்து, "எனக்கு ஒரு கைதான் இருக்கு. நீயும் வா"ன்னாரு.

பூவிழிக்கு நம்பவே முடியல.

காலைல கிளம்பறதுக்கு முன்னாடி வண்டியப் பாக்கணும்ல? முன்மூடியத் தூக்கிட்டு, "அந்தக் குச்சிய உருவு"ன்னாரு. அவ உருவினா. "துணியால தொடைச்சுட்டு மறுபடி உள்ள விட்டு எடு."

"ஏம்ப்பா? இப்பவே எண்ணெய் தெரியுதே."

வழக்கமா இருந்தா "தள்ளி நில்லு"ன்னு அவரே பிடுங்கிப் பாத்திருப்பாரு. இப்ப கை இல்லையே, வாயால சொன்னாத்தானே ஆகும். "வண்டி ஓடறப்போ எண்ணெய் மேல எல்லாம் தெறிச்சு ஒட்டியிருக்கும். அதைப் பாத்தா ஏமாந்துடுவோம். தொடைச்சுட்டு விட்டாத்தான் உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியும்."

பூவிழி தொடைச்சா, விட்டா, எடுத்தா. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எண்ணெய் நின்னுச்சு. "ஓ"ன்னா.

"கொர்... கொர்... கொர்ர்ர்." கிளம்பிட்டாங்க.

ஊர்லருந்து முதல்ல ஒரு ஏத்தம். அதைத் தாண்டினாத்தான் இறக்கம். ஏத்தத்துல பாதி போகலை, முன்னாடி இருந்து "புஸ்ஸ்ஸ்ஸ்"னு ஆவி. உள்ள சூடு காட்டுற முள்ளு சிவப்புக் கோட்டுக்குப் போய் நின்னுச்சு. பவளக்கொடி ஓரமா நிறுத்திட்டு ஓடிப் போய் ரேடியேட்டர் மூடியில கை வைக்கப் போனா.

"தொடாத"ன்னாரு. ஆனா இந்தத் தடவை அதோட நிறுத்தல. "உள்ள தண்ணி கொதிக்குது பவளம். இப்ப மூடியத் திறந்தா மூஞ்சில அடிக்கும். ஆறட்டும்."

காத்திருந்தாங்க. பூவிழியால சும்மா இருக்க முடியுமா? காதத் தீட்டிக்கிட்டு நின்னா. "சொட்... சொட்..." குனிஞ்சு பாத்தா. "அப்பா, ஒரு ரப்பர் குழாய் இருக்குல்ல, அதோட கழுத்துலருந்து தண்ணி சொட்டுது. அங்க ஒரு வளையம் லொடலொடன்னு ஆடுது."

"அது கிளிப்பு. எஞ்சின் ஆறட்டும், திருப்புளி எடுத்து முடுக்கு. கடிகார முள்ளு போற பக்கமாத் திருப்பணும்."

எல்லாம் ஆறினப்புறம் முடுக்கினா. சொட்டு நின்னுச்சு. அப்புறம் பவளக்கொடி கனத்த துணிய மடிச்சு வச்சு, மூடியக் கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து, தண்ணி ஊத்தி நிரப்பினா. முக்கா மணி நேரம் போயிடுச்சு.

ம் எங்க?

"ம். அப்புறம்?"

அப்புறம் ஏத்தம் முடிஞ்சு மேடு வந்துச்சு. அங்க பாத்தா "பட பட பட பட"ன்னு சத்தம், வண்டி ஒரு பக்கமா இழுக்குது. பின் சக்கரம் பஞ்சர்.

சமதரையாப் பாத்து நிறுத்தினாங்க. ஹேண்ட் பிரேக்கப் போட்டு, வண்டி உருளாம மத்த சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு வச்சா பூவிழி. பவளக்கொடி ஜாக்கிய எடுத்தா. "முதல்ல நட்டத் தளத்து. அப்புறமாத் தூக்கு"ன்னாரு பொன்னுரங்கம்.

"ஏம்ப்பா..."ன்னு ஆரம்பிச்ச பூவிழி தானே நிறுத்திட்டா. யோசிச்சா. "ஓ, தூக்கிட்டுத் திருப்பினா நட்டோட சேந்து சக்கரமும் சுத்திடும். தரையில இருந்தாத் தரை பிடிச்சுக்கும். அதானே?"

அவரு தலையாட்டினாரு.

நட்டு இறுகிக் கிடந்துச்சு. பவளக்கொடி ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்சா. "க்ரீச்..." வழிக்கு வந்துச்சு. ஜாக்கிய வச்சுத் தூக்கி, சக்கரத்தக் கழட்டி, ஸ்டெப்னிய மாட்டினாங்க. "நட்ட வரிசையா முடுக்காத. ஒண்ணு முடுக்கினா அடுத்தது அதுக்கு எதிர்ல இருக்கிறத முடுக்கு"ன்னாரு.

"அது ஏம்ப்பா?"

அவரு முழிச்சாரு. "தெரியல. எனக்குச் சொல்லிக் குடுத்தவரு அப்படித்தான் சொன்னாரு. நான் கேட்டதில்ல."

பவளக்கொடி நட்ட முடுக்கிக்கிட்டே சொன்னா, "பானை வாய்க்குத் துணி கட்டுறோம். ஒரே பக்கமா இழுத்துக்கிட்டே வந்தா அந்தப் பக்கம் கோணிக்குது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தாத்தான் சமமா உக்காருது. அது மாதிரிதான் இருக்கும்."

பொன்னுரங்கம் அவளப் பாத்தாரு. "ம்"ன்னாரு. நீ சொல்ற மாதிரியேதான்.

இப்ப இறக்கம். நேரமாயிடுச்சேன்னு பவளக்கொடிக்கு அவசரம். மூணாவது கியர்லயே இறக்கினா. வேகம் கூடுது, பிரேக்க மிதிக்கிறா. வளைவு வருது, மிதிக்கிறா. காலை எடுக்கவே இல்ல. பொன்னுரங்கம் ரெண்டு தடவை "கியரக் குறை பவளம்"னாரு. "இருங்க, நேரமாச்சு"ன்னா அவ. பத்து வளைவு, பதினஞ்சு வளைவு.

பூவிழி மூக்கச் சுளிச்சா. "அம்மா, என்னமோ தீயுற வாசம் வருது."

அப்போ பவளக்கொடி பிரேக்க மிதிச்சா. கால் "சொத"க்குனு பஞ்சுல மிதிச்ச மாதிரி உள்ள போச்சு. வண்டி நிக்கல.

"என்னங்க, பிரேக் பிடிக்கல." அவ குரல் ரொம்பச் சின்னதா வந்துச்சு.

ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம் பள்ளம், கீழ மரத்தோட உச்சிதான் தெரியுது. பொன்னுரங்கம் பக்கத்துல ஹேண்ட் பிரேக் இருக்கு. ஆனா அந்தப் பக்கம் இருக்கிறது மாவுக்கட்டுப் போட்ட கை. விரல் மடங்கல. இடது கைய வளைச்சுக் கொண்டு வந்தாலும் கட்டு தடுக்குது.

உனக்குக் கை எல்லாம் ஜில்லுனு இருக்கே. பயப்படாத, கேளு.

அவரு கத்தல. சோறு போடச் சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னாரு. "பவளம், ரெண்டாவது கியர். ஆக்சிலேட்டர்ல கால் வேண்டாம். பிரேக்க மிதிச்சு மிதிச்சு எடு." அவ கியர மாத்தினா. எஞ்சின் "ஊஊஊம்"னு கத்துச்சு. வேகம் கொஞ்சம் குறைஞ்சுது. பத்தல.

"பூவிழி, பெல்ட்டக் கழட்டாம கைய நீட்டு. அந்த ஹேண்ட் பிரேக்கப் பிடி. நுனியில இருக்கிற பட்டன அமுக்கிக்கிட்டே மெதுவா இழு. வெடுக்குனு இழுத்தா வண்டி சுத்திடும். கிணத்துல தண்ணி சிந்தாம வாளி இழுப்பல்ல, அப்படி."

பின் சீட்லருந்து பூவிழி எட்டிப் பிடிச்சா. இழுத்தா. "கர்ர்..." கொஞ்சம் விட்டா. மறுபடி இழுத்தா. "கர்ர்ர்..." அன்னிக்குத்தான் முதல் தடவையா அவ ஏன்னு கேக்கல. எதிர்ல ஒரு லாரி ஏறி வருது. பவளக்கொடி ஹாரன அமுக்கிக்கிட்டே மலைப் பக்கமா ஒடிச்சா. "இப்ப முதல் கியர்"னாரு. ஓரத்துல மண்ணு குவிஞ்சு கிடந்துச்சு. வண்டி அதுல மூக்க வச்சு, "ப்ஸ்ஸ்"னு நின்னுச்சு. லாரி பக்கத்துல உரசாம போயிடுச்சு.

பவளக்கொடி ஸ்டியரிங் மேல நெத்திய வச்சு அழுதா. "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

பொன்னுரங்கம், "நான் ஏன்னு சொல்லியிருக்கணும். விடாம மிதிச்சா பிரேக் சூடேறிப் பிடிக்காம போயிடும்னு. வெறுமனே கியரக் குறைன்னா யாருக்குப் புரியும்"னாரு.

"தண்ணி ஊத்தினாங்களா அத்தை? சூடா இருக்குமே?"

பூவிழியும் அதைத்தான் கேட்டா. ஊத்தக் கூடாதாம். சுட்ட கல்லுல தண்ணி தெளிச்சா விரிசல் விடும்ல, அது மாதிரி ஆயிடுமாம். தானா ஆறணும். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. மிதிச்சுப் பாத்தா பிரேக் கெட்டியா நின்னுச்சு. அப்புறம் முதல் கியர்ல ஆமை மாதிரி இறங்கினாங்க. எஞ்சினே வண்டியப் பிடிச்சுக்கிச்சு. நாப்பத்தி ரெண்டாவது வளைவையும் தாண்டினாங்க.

டெஸ்டு மைதானத்துக்குப் போனா மணி பன்னண்டரை. எல்லாரும் போயிட்டாங்க. இன்ஸ்பெக்டர் நோட்டு மூடிட்டு டிபன் பாக்ஸத் திறக்கிறாரு. பவளக்கொடி சேலையெல்லாம் கிரீஸு, மூஞ்சியெல்லாம் புழுதி.

"நேரமாயிடுச்சேம்மா"ன்னாரு.

"தெரியுங்க சார். இதை விட்டா என் எல்.எல்.ஆர். முடியறதுக்குள்ள வேற டெஸ்டும் இல்ல. ஆனா நீங்க இப்பவே ஓட்டுன்னாலும் நான் ஓட்ட மாட்டேன். வர்ற வழியில பிரேக்கச் சூடு பண்ணிட்டேன், தப்பு என்னுதுதான். மெக்கானிக் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் இந்த வண்டில உங்கள உக்கார வைப்பேன்."

இன்ஸ்பெக்டர் கையில சோத்தோட அவள நிமிந்து பாத்தாரு. "டெஸ்டுக்கு வர்றவங்க எல்லாம் வண்டி நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க"ன்னாரு. அப்புறம் எதிர்க் கடையக் காட்டி, "அங்க மெக்கானிக் இருக்காரு. காட்டிட்டு வாங்க. நான் சாப்பிட்டு முடிக்க நேரமாகும்"னாரு.

மெக்கானிக் சக்கரத்தக் கழட்டிப் பாத்து, பிரேக் எண்ணெய மாத்தி, ஓட்டிப் பாத்துட்டுச் சரின்னாரு. பவளக்கொடி எட்டுப் போட்டா. மேட்டுல நிறுத்தி, பின்னால உருளாம எடுத்தா. ரிவர்ஸ்ல மட்டும் கொஞ்சம் கோணிடுச்சு. "ரிவர்ஸ் இன்னும் பழகணும்"னு சொல்லிட்டு அவரு கையெழுத்துப் போட்டாரு. பாஸ்.

"ம்ம்..."

தூக்கம் வந்துடுச்சா? முடியப் போகுது கண்ணு.

ஒரு வாரத்துல லைசென்ஸ் தயாராயிடுச்சு. அதை வாங்க ஏதாவது லாரியப் பிடிச்சுப் போகலாம்னாரு பொன்னுரங்கம். பவளக்கொடி மாட்டேன்னுட்டா. அதுவரைக்கும் பக்கத்துல டிரைவர் இருக்கணுமேன்னு அவரு முன்னாடியே உக்காந்து வந்தாரு. ரெண்டாவது கியர்ல நிதானமா இறங்கினாங்க. லைசென்ஸ வாங்கிட்டு, "எல்" போர்ட ரெண்டையும் உரிச்சுட்டு, திரும்பி மலை ஏறணும். பவளக்கொடி முன் கதவத் திறந்து விட்டா. பொன்னுரங்கம் போய்ப் பின் சீட்ல பூவிழி பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு.

பதினெட்டு வருஷமா டிரைவரா இருந்தவரு. இன்னொருத்தர் வண்டில உக்காந்தா, வளைவுக்கு வளைவு அவரு கால் தானா இல்லாத பிரேக்க மிதிக்கும். பஸ்ஸுல கூட ஒரு நாளும் கண்ண மூடினது கிடையாது. கார் முதல் வளைவு ஏறுச்சு. ரெண்டாவது ஏறுச்சு. மூணாவதுல பூவிழி தோள் மேல என்னமோ கனமா விழுந்துச்சு. திரும்பிப் பாத்தா, அப்பா தலை. "கொர்ர்... கொர்ர்..."

"அம்மா, அப்பா தூங்கிட்டாரு."

பவளக்கொடி கண்ணாடில ஒரு தடவை பாத்தா. கியரக் குறைச்சா. "தூங்கட்டும்"னா.

கார் வீடு வந்து சேந்துச்சு, கதையும் சேந்துச்சு. இனி நீயும் கண்ண மூடிக்கோ கண்ணு.