எதிராளியின் புள்ளிகள்

வடிவு டீச்சரிடம் செஸ் கற்றுக்கொள்ள வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவன் கனகவேல் ஒருவன்தான். டீச்சருக்கு இருபத்தொன்பது. அவனுக்கு முப்பத்துநான்கு. அவர் அவனை அண்ணே என்பார். அவன் அவரை டீச்சர் என்பான்.

கோவில்பட்டியில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. கீழே இரும்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே யாரும் அதிகம் பேச மாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை, கனகவேல் கையில் ஒரு தாளோடு மாடிப்படி ஏறி வந்தான்.

"ஒன்பதாவது, டீச்சர்," என்றான்.

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். இணையவழிப் போட்டியின் முடிவுப் பட்டியல். ஏழு சுற்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. முதல் எட்டுப் பேர் இறுதிப் போட்டிக்குப் போவார்கள். அந்த எட்டுப் பேரை ஒரு அரசுத் துறை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு அழைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். வயது முப்பத்தைந்து நிறைந்திருக்கக் கூடாது.

கனகவேல் வேலை பார்த்த தீப்பெட்டி ஆலை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. அவனுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று கிடையாது.

"எட்டாவது யாரு?"

"ஓசூர்ல ஷகிலா பானுன்னு ஒரு பொண்ணு. அவளும் அஞ்சு புள்ளி, நானும் அஞ்சு புள்ளி."

"அப்புறம்?"

"சமமா வந்தா, நாம ஆடின ஏழு எதிராளிங்களும் எடுத்த புள்ளியைக் கூட்டிப் பார்க்கிறாங்க. அவ எதிராளிங்க இருபத்தேழரை. என் எதிராளிங்க இருபத்தாறு."

டீச்சர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது என்ன நியாயம், டீச்சர்? அஞ்சு பேரை ஜெயிச்சேன். நான் ஜெயிச்சவங்க அதுக்கப்புறம் நல்லா ஆடினாத்தான் நான் மேல போக முடியுமா? அவங்க எக்கேடு கெட்டுப் போனா எனக்கென்ன?"

டீச்சரின் விரல் மூன்றாவது சுற்றில் நின்றது.

"இது யாரு, உலகநாதன், விளாத்திகுளம்? முதல் ரெண்டு சுத்துல ரெண்டு புள்ளி. அப்புறம் எல்லாம் பூஜ்யம்."

"அவரை விலக்கிட்டாங்க. என்கூட ஆடிக்கிட்டு இருக்கும்போதே."

"ஏன்?"

"கேமராவைப் பார்க்காம இடது பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் வேற கம்ப்யூட்டர் வச்சிருக்காரோன்னு சந்தேகம். கேமராவைத் திருப்பி ரூமைக் காட்டச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டார்."

"யாருக்குச் சந்தேகம்?"

"நடுவருக்கு."

அது உண்மையில்லை. அந்த ஆட்டத்தில் கனகவேல் தோற்றுக்கொண்டிருந்தான். திரையின் ஓரத்தில் புகார் பொத்தான் இருந்தது. அதை அழுத்தியது அவன். புகார் கொடுத்தவரின் பெயர் யாருக்கும் தெரிவிக்கப்படாது என்று அதன் கீழே எழுதியிருந்தது.

டீச்சர் தன் போனை எடுத்துப் போட்டியின் விதிகளைத் தேடிப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"ஒரு வழி இருக்கு," என்றார். "நடுவர் விலக்கினவருக்கு ஆடாத சுத்துக்கெல்லாம் பூஜ்யம். தானா விலகிப் போனவருக்கு ஆடாத ஒவ்வொரு சுத்துக்கும் அரைப் புள்ளி சேர்த்துக் கணக்கு வைப்பாங்க."

"நாலு சுத்து அவர் ஆடலை." கனகவேல் மனதுக்குள் கூட்டினான். "ரெண்டு புள்ளி. அப்ப எனக்கு இருபத்தெட்டு."

"நானாத்தான் பாதியில எழுந்து போனேன்னு அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போய்ச் சேரணும். அவருக்குப் போட்ட ஒரு வருஷத் தடையையும் அப்ப எடுத்துடுவாங்க."

"அவருக்கும் நல்லதுதானே, டீச்சர்."

பட்டியலில் இருந்த எண்ணுக்கு அவன் மூன்று முறை அடித்தான். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"நேர்லதான் போகணும்," என்றான். "நீங்களும் வாங்க, டீச்சர். எனக்குப் பேச வராது."

டீச்சர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் கனகவேல் மடியில் தாளை வைத்துக் கடிதத்தை எழுதினான். எட்டயபுரம் தாண்டியதும் சாலை மோசம். எழுத்து மேலும் கீழும் குதித்தது.

"அண்ணே, இந்த எழுத்தைப் பார்த்தா அவர் குடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டார்னு இன்னொரு புகார் வரப்போகுது," என்றார் டீச்சர்.

கனகவேல் சிரிக்கப் பார்த்தான்.

விளாத்திகுளத்தில் இறங்கி டீக்கடையில் விசாரித்தார்கள்.

"தபால்கார உலகநாதனா? நேராப் போயி ரெண்டாவது சந்து. வாசல்ல கொட்டகை பிரிச்சுக்கிட்டு இருப்பாங்க."

"என்ன கொட்டகை?"

"அவர் வீட்டம்மா வியாழக்கிழமை தவறிட்டாங்கல்ல."

கனகவேல் அப்படியே நின்றான்.

"திரும்பிடலாமா, டீச்சர்?"

"இவ்வளவு பக்கத்துல வந்துட்டு துட்டி கேட்காமப் போறது முறையில்ல," என்று டீச்சர் நடந்தார்.

வாசலில் மூங்கில் கம்புகள் கிடந்தன. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். உலகநாதனுக்கு அறுபது வயது இருக்கும். துட்டி வீட்டில் வாங்க என்று சொல்ல மாட்டார்கள். அவர் இரண்டு நாற்காலிகளை உருவிப் போட்டார். அவர்கள் உட்கார்ந்தார்கள்.

உள்ளே ஒரு மேசை. மேசைமேல் பழைய கம்ப்யூட்டர். அதற்கு இடது பக்கம் தரையில் கட்டில் அளவுக்கு வெளுத்த தடம் இருந்தது. கட்டிலைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு படம், ஒரு விளக்கு. படத்தில் இருந்த அம்மாளின் சேலை மடிப்பு கலையாமல் இருந்தது.

"நான் கனகவேல். கோவில்பட்டி. மூணாவது சுத்துல உங்ககூட..."

"கருப்புக் காய்," என்றார் உலகநாதன். "மறக்குமா? எஃப் அஞ்சுல என் குதிரை நின்னுச்சு. இன்னும் நாலு நகர்த்தல்தான். ராஜாவைத் தூக்கிக்கிட்டு நீங்க எந்த ஊருக்கு ஓடியிருப்பீங்க?"

"ஓட இடம் இல்ல சார்."

"இல்லல்ல?" அவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. "துட்டி கேட்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

கனகவேல் தலையாட்டப் போனான்.

"இல்ல அண்ணாச்சி," என்றார் டீச்சர். "வேற காரியமாத்தான் வந்தோம். இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டோம்."

உலகநாதன் சரி என்பது போலக் கையை அசைத்தார்.

"ஏன் சார் கேமராவைத் திருப்பிக் காட்டலை?" என்றான் கனகவேல். "காட்டியிருந்தா விட்டிருப்பாங்களே."

உலகநாதன் தரையில் இருந்த தடத்தைக் காட்டினார்.

"அங்கதான் கிடந்தா. ஒரு காய் நகர்த்துவேன், மூச்சு ஏறி இறங்குதான்னு திரும்பிப் பார்ப்பேன். அடுத்த காய் நகர்த்துவேன், பார்ப்பேன். பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா இருந்தவ. முந்தானைக்கு ஊசி குத்தாம வாசல் தெளிக்கக்கூட வரமாட்டா. அன்னிக்கு முதுகெல்லாம் புண்ணு. மேல துணி போட முடியலை. அவளையா காட்டச் சொல்றீங்க?"

"அதை நடுவர்கிட்ட வாயால சொல்லியிருக்கலாம்."

"மேல துணியில்லாம கிடக்கான்னா? அதுவும் காட்டுறதுதானே, தம்பி."

விளக்குத் திரி கருகியிருந்தது. அவர் எழுந்து அதைத் தூண்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆடச் சொன்னதே அவதான். காய் வைக்கும்போது கம்ப்யூட்டர்ல டக்குன்னு ஒரு சத்தம் வரும்ல? அது கேட்டுக்கிட்டே இருந்தா வலி தெரியலைம்பா. அன்னிக்கு சத்தம் நின்னுபோச்சு. என்ன ஆச்சுன்னு கேட்டா. ஜெயிச்சுட்டேன்னு சொன்னேன்."

கனகவேல் தரையைப் பார்த்தான்.

"அடுத்த சுத்து எப்பன்னு கேட்டா. என்ன பண்றது? கம்ப்யூட்டரை எதிராளியா வச்சு நானே ஆடினேன். சத்தம் வரணும்ல. திங்கள், செவ்வாய், புதன், எல்லா ஆட்டத்துலயும் ஜெயிச்சுக்கிட்டே இருந்தேன். புதன்கிழமை ராத்திரி, ஃபைனல் வந்துட்டீங்களான்னு கேட்டா. வந்துட்டேன் பவளம்னு சொன்னேன்."

வெளியே யாரோ கம்புகளை வண்டியில் ஏற்றினார்கள்.

"யார்மேலயும் குத்தம் சொல்லமாட்டேன்," என்றார் உலகநாதன். "அந்த நடுவருக்குக் கண்ணு கூர்மை. அத்தனை பேருக்கு நடுவுல இந்தக் கிழவன் கண்ணு எங்க போகுதுன்னு பார்த்திருக்காரே, பெரிய ஆளுதான்."

கனகவேல் வாயைத் திறந்தான். டீச்சர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கனகவேல் வாயை மூடிக்கொண்டு, பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினான்.

உலகநாதன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நானா எழுந்து போனேன்னுல்ல எழுதியிருக்கு?"

"ஆமா சார். கையெழுத்துப் போட்டா உங்க தடையை எடுத்துடுவாங்க."

"இனிமே எனக்கு அது எதுக்கு? உங்களுக்கு என்ன கிடைக்கும், அதைச் சொல்லுங்க."

கனகவேல் சொன்னான். எட்டாவது இடம், வேலை, வயது, வாரத்தில் மூன்று நாள் ஓடும் ஆலை. அவன் அன்று சொன்னதில் இதெல்லாம் உண்மை.

"பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு சார்."

"இதை வந்த உடனே சொல்லப்படாதா? மூதேவி குதிரையைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்." அவர் பேனா கேட்டு வாங்கினார். மேசையில் தாளை வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "நாலு நாளா அவகிட்டச் சொன்ன பொய்க்கு முன்னாடி இது ஒரு வரிதானே."

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது கனகவேலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஜெயிச்சேன்னு நம்பிக்கிட்டே போயிட்டா, தம்பி. நீங்களாவது நிஜமா ஜெயிங்க."

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. டீச்சர் எழுந்து, படத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். கனகவேல் படியில் இறங்கி நின்று திரும்பிப் பார்த்தான். உலகநாதன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து இடது பக்கம் திரும்பியிருந்தார். ஒன்றும் பேசாமல் போவதுதான் அங்கே முறை. கனகவேல் முறைப்படி போனான்.

பஸ் நிலையத்தில் தாளைத் தூணில் ஒட்டிப் பிடித்துப் போனில் படம் எடுத்தான். அனுப்பும் பொத்தானுக்கு மேலே அவன் விரல் நின்றது.

"அனுப்பிடட்டுமா, டீச்சர்?"

"மணி நாலு," என்றார் டீச்சர்.

அவன் அனுப்பினான்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. நடுவில் வழி விட்டு அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் கனகவேல். அவன் ஏறியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அறுவடை முடிந்த கரிசல் காடு வெறுமையாகக் கிடந்தது.

எட்டயபுரத்துக்கு முன்னால் போன் அதிர்ந்தது. புதிய பட்டியல் வந்திருந்தது. ஷகிலா பானுவின் பெயர் ஒரு வரி கீழே இறங்கியிருந்தது.

"எட்டாவது, டீச்சர்," என்றான். காலையில் ஒன்பதாவது என்று சொன்ன அதே குரல்.

டீச்சர் தலையசைத்தார்.

பஸ் ஊருக்குள் நுழைந்து, ஆளை இறக்கி, ஏற்றி, மறுபடி கிளம்பியது.

"ஞாயிற்றுக்கிழமை ஃபைனல்," என்றான் கனகவேல், ஜன்னலைப் பார்த்தபடியே. "எல்லாரும் பெரிய ஆளுங்க. நடுவுல அஞ்சு நாள்தான். எந்தத் திறப்பைப் படிக்கிறது, எதைப் பழகுறதுன்னு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் எதைப் பழகணும்?"

அவன் திரும்புவான் என்று டீச்சர் காத்திருந்தார். அவன் திரும்பவில்லை.

"கேமராவை நேராப் பார்த்து உக்காரப் பழகுங்க, அண்ணே."