எரிஞ்சுபோன மோட்டார்

அம்பாசமுத்திரத்தில் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் ரிப்பேர் கடைக்கு மிக்சி போனாலும் கிரைண்டர் போனாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "செத்துப்போச்சு. புதுசு வாங்கிக்கோ." விட்டுவிட்டுப் போன பழசெல்லாம் என்ன ஆகிறது என்று கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை.

மாவு அரைத்து விற்றுப் பிழைக்கிற பேச்சித்தாய், ஓடாமல் நின்றுபோன தன் சின்ன கிரைண்டரை இடுப்பில் சுமந்துகொண்டு போனாள். அண்ணாச்சி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மோட்டார் எரிஞ்சுபோச்சு. பழசை இங்கேயே போட்டுட்டு, புதுசை எடுத்துட்டுப் போ."

"திறக்காமலே எப்படித் தெரிஞ்சுது அண்ணாச்சி?"

"எனக்கே பாடம் எடுக்குதியா? இது குப்பைம்மா, குப்பை!"

என்ன திமிர் பாருங்கள்! ஒரு குடும்பத்துக்கே கஞ்சி ஊற்றுகிற மிஷினை, அவள் முகத்துக்கு நேரே குப்பை என்கிறார்.

பேச்சித்தாய் சத்தம் போடவில்லை. "சரி, புதுசே எடுத்துக்கிடுதேன். ஆனா இத்தனை நாள் எனக்குச் சோறு போட்டது இங்கே குப்பையாக் கிடக்க மனசு ஒப்பலை. என் கையாலேயே உடைச்சுட்டுப் போறேன்" என்றவள், வாசலில் சாய்த்திருந்த ஷட்டர் கம்பியை எடுத்து ஓங்கினாள்.

அண்ணாச்சி விழுந்தடித்து ஓடிவந்து கிரைண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஏய், ஏய்! மோட்டார்ல பட்டுரும்! நல்ல மோட்டாரு!"

கடையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

பேச்சித்தாய் கம்பியைக் கீழே இறக்கவில்லை.

"அப்போ இவ்வளவு நேரமும் எரிஞ்சது என் வயிறுதானா அண்ணாச்சி? ஸ்க்ரூடிரைவரை எடுங்க!"