சுவரில் ரொட்டி வைத்த துர்சுனார்

துருக்கி தேசத்தின் நடுமேட்டில், சுல்தான்கள் ஆண்ட காலத்தில், தாஷ்புனார் என்றோர் ஊர் இருந்தது. குளிர்காலத்தில் அங்கே அடுப்பில் எரியும் நெருப்பே கம்பளி கேட்கும். அந்த ஊரில் அமெரிக்கப் பாதிரிமார் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். அதன் சாப்பாட்டுக் கூடத்தைப் பெருக்குவதுதான் துர்சுனாரின் பிழைப்பு. அவர் ஐந்து வேளைத் தொழுகை தவறாத முஸல்மான்.

அங்கே படிக்கும் அர்மீனியப் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் அவர் குனிவார். தரையில் கிடக்கும் ரொட்டித் துண்டு ஒவ்வொன்றையும் எடுத்து, உதட்டில் ஒற்றி, நெற்றியில் தொட்டு, முற்றத்துச் சுவரின் கல்லிடுக்கில் கால் படாத உயரத்தில் செருகுவார். பறவைக்கோ பசித்தவருக்கோ ஆகும். அந்த நாட்டில் துருக்கியர், அர்மீனியர், கிரேக்கர் எல்லாரும் செய்வதுதான். மற்றவர்களுக்கு அது வழக்கம். துர்சுனாருக்கோ அதுவே தவம்.

தவம் என்றதும் சாந்த சொரூபியாக அவரை நினைத்துவிட வேண்டாம். கோபம் அவருக்கு மூக்கு நுனியில் குடியிருந்தது. ரொட்டியை மிதித்தவர் யாரானாலும் தப்ப முடியாது. ஒருமுறை ஒரு சேவல் மிதித்துவிட்டது. அவர் போட்ட சத்தத்தில் அது மறுநாள் கூவ மறந்து, ஊரே உச்சிவெயிலில்தான் கண் விழித்தது.

ஊரார் அவரைச் சும்மா விட்டார்களா? காப்பிக்கடை சாதுல்லாவுக்கு அவர் தினசரி பலகாரம்.

"வாய்யா, வெள்ளைக்காரி வீட்டு விளக்குமாறே! ஞானஸ்நானம் இன்னைக்கா, நாளைக்கா?"

"ரொட்டி எந்த வீட்டுத் தரையில விழுந்தாலும் அது அல்லா குடுத்ததுடா. நீ போய்க் காப்பியில தண்ணி ஊத்து!"

இந்த சாதுல்லாவின் பக்தியைக் கொஞ்சம் கேளுங்கள், வயிறு எரியும். ஹிஸிர் என்ற பெரியவர் சாவே இல்லாமல், இறைவன் ஏவியபடி ஏழை வேடத்தில் ஊர் ஊராகத் திரிகிறார் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அவருடைய வலது கட்டைவிரலில் எலும்பு இருக்காதாம். அந்த விரலை இறுகப் பற்றி, கையை விடாமல் வரம் கேட்டால் கேட்டது கிடைக்குமாம். ஆகவே சாதுல்லா வாசலுக்கு வரும் ஒவ்வொரு பிச்சைக்காரரின் கட்டைவிரலையும் கத்தரிக்காய் பார்ப்பது போல அமுக்கிப் பார்ப்பான். எலும்பு தட்டுப்பட்டால், "போ, போ!"

துர்சுனார் ஒருவர் விரலையும் அமுக்கியவரல்லர். "எலும்பு இருக்கறவனுக்குப் பசிக்காதாடா, பாவி?" என்று கத்துவார்.

இப்படியிருக்க, பள்ளிக்குப் புதிய தலைமை ஆசிரியையாக மிஸ் ட்ராஸ்க் வந்து இறங்கினார். வரும் வழியில் கப்பலிலேயே துருக்கி மொழியைக் கற்று, கரையில் சுங்கக்காரரின் இலக்கணத்தைத் திருத்திய அம்மையார். அவர் சோப்புக் கட்டியோடு நுழைந்தால் கரப்பான்பூச்சி தானாக மூட்டை கட்டும். ஒரு நல்ல குணமும் உண்டு. அமெரிக்க வழக்கப்படி எல்லாருக்கும் கை கொடுப்பார். அதிகாரி, கழுதைக்காரர், குஷ்டரோகி என்று பேதமில்லை. குலுக்கினால் தோள்பட்டை கழன்று மாட்டும்.

அவர் கண்ணில் சுவர் பட்டது.

"துர்சுன், இது எலிகளுக்கு விருந்து. மேலும், ஜீவனற்ற ஒரு பொருளை முத்தமிட்டு நெற்றியில் வைப்பது விக்கிரக ஆராதனை. இனி விழுந்த துண்டுகளைக் கழுவிய நீரோடு வாய்க்காலில் கொட்டிவிடு."

"கையை வெட்டச் சொல்லுங்கம்மா, வெட்டிக்கறேன். இது நடக்காது."

அன்றே சுவர் இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் பூசி அடைத்தார்கள். மறுநாள் பிள்ளைகள் முன்னிலையில் அம்மையார் ஒரு வாளியைத் துர்சுனாரின் காலடியில் வைத்தார். உள்ளே பாத்திரம் கழுவிய நீரில் ரொட்டித் துண்டுகள் மிதந்தன.

"கொட்டு. இல்லையேல் உனக்கு இங்கே வேலை இல்லை."

அந்தப் பனிக்காலத்தில் அந்த வேலை போனால் துர்சுனாருக்கு அடுப்பெரியாது. அது அவருக்கும் தெரியும், அழுதுகொண்டு நின்ற பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். வானத்தைப் பார்த்து விரலை நீட்டினார்.

"ரொட்டி உன்னுது! இத்தனை காலம் நான் காவல் காத்தேன். நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே? தூங்கினியா?"

மனிதர் வீட்டுக்காவது போனாரா? இல்லை. வாய்க்கால் வெளியே வந்து விழும் இடத்தில், மதிலுக்கு அப்பால், பனியில் குந்தினார். உள்ளே கொட்டிய ரொட்டி மிதந்து வரும். நீலம் பாய்ந்த விரல்களால் அதை எடுத்து, கிணற்று நீரில் அலசி, முத்தமிட்டு, வெளி மதிலின் இடுக்கில் செருகுவார். ஒவ்வொரு துண்டுக்கும் வானத்துக்கு ஒரு வசவு விழும். சாதுல்லா தன் வாடிக்கையாளர்களையே கூட்டி வந்து காட்டிச் சிரித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல். துர்சுனார் தொழுகைக்குப் போயிருந்தார். கந்தலணிந்த கிழவர் ஒருவர் முதலில் காப்பிக்கடைக்குப் போனார். அவருடைய வலது கை முழுக்கச் சீழ் ஊறிய துணி. நாற்றம் தாங்காத சாதுல்லா விரலை அமுக்கவும் அருவருத்து அவரை வெளியே தள்ளினான். கிழவர் பள்ளி வாசலுக்கு வந்தார். மிஸ் ட்ராஸ்க் சுடச்சுட ஒரு முழு ரொட்டியோடு தாமே வந்து, முகம் சுளிக்காமல் அந்தத் துணி சுற்றிய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கிழவர் ரொட்டியை வாங்கவில்லை. "என் பங்கை இங்க ஒருத்தர் எடுத்து வச்சிருக்காரும்மா" என்று சொல்லி, மதிலிடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து முத்தமிட்டு உண்டார். "அவர் கோபமா வருவாரு. சுவர்ல வச்சது ஒண்ணு விடாம எனக்கு வந்து சேந்துதுன்னு சொல்லுங்க."

அவர் நடந்த தடத்தில் பனி உருகிப் புல் முளைத்தது என்பார்கள். முளைத்ததோடு நில்லாமல் அதில் இரண்டு ஆடுகள் வயிறார மேய்ந்தன என்றே நான் சொல்வேன்.

தொழுகை முடிந்து துர்சுனார் வந்தார். சீண்டுவதற்கென்று சாதுல்லாவும் பின்னாலேயே வந்தான். அம்மையார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"துர்சுன், ஒரு வயோதிகர் வந்தார். பரிதாபம், அவருடைய வலது கட்டைவிரலில் எலும்பே இல்லை. வைத்தியரைப் பார்க்கும்படி சொன்னேன்."

சாதுல்லா தலையில் கைவைத்து அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். "புடிச்ச கையை விட்டுட்டீங்களேம்மா! ஐயோ, என் கடை வாசலுக்கும் வந்தாரே!"

துர்சுனார் வரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார். நான் கொடுத்ததை அல்ல, நீ சுவரில் வைத்ததை. ஒன்று விடாமல் அவருக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்லச் சொன்னார்."

துர்சுனாரின் முகம் சிவந்தது. கண்ணீர் தாடியில் வழிய வழிய வானத்தை நோக்கிக் கத்தினார்: "சாக்கடையில வந்ததையா அவருக்குக் குடுத்தே? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல துண்டா எடுத்து வச்சிருக்க மாட்டேனா? உனக்கு வெவஸ்தை இருக்கா?"

அந்தக் கோபத்தை மிஸ் ட்ராஸ்க் கடைசி வார்த்தை வரை கேட்டார். பிறகு உள்ளே போனார். சற்று நேரத்தில் முற்றத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. சுவர் இடுக்குகளை அடைத்த சாந்தை அம்மையார் தாமே பெயர்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல், ஹிஸிரைத் தொட்ட கையைத் தொடத் தாஷ்புனாரே பள்ளி வாசலில் வரிசை கட்டியது. முன்னால் நின்றவன் சாதுல்லா. தம் ஊழியம் ஒருவழியாகப் பலித்துவிட்டதென்று மகிழ்ந்து, அம்மையார் அத்தனை பேருக்கும் தோள்பட்டை கழலக் குலுக்கினார்.

துர்சுனார் மறுபடி விளக்குமாற்றை எடுத்தார். ஒருநாள் அம்மையாரின் தட்டிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. அம்மையார் இருபுறமும் பார்த்துவிட்டு, குனிந்து எடுத்து, முத்தமிடாமல் நெற்றியில் மட்டும் தொட்டு, சுவரில் செருகினார்.

"இன்னும் மேலம்மா! அங்க கால் படும்!" என்று உறுமினார் துர்சுனார்.

அம்மையார் நுனிக்காலில் எம்பி நின்று மேலே வைத்தார்.

வானத்தையே வைது வாழ்ந்து, விழுந்ததையெல்லாம் உயர எடுத்து வைத்த துர்சுனாரின் நீலம் பாய்ந்த விரல்கள் நம் நெற்றிக்கு அணியாகட்டும்.