உமையாள் இழந்த வியாழக்கிழமை

இந்த வழக்கில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. தீர்ப்புச் சொல்வது கடினமாவதும் அதனால்தான். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் எலும்பு சிகிச்சைப் பிரிவில் பிலோமினா என்றொரு செவிலியர் இருந்தார். பத்தொன்பது வருட சர்வீஸ். அந்தப் புதன்கிழமை மதிய டியூட்டிக்கு வரவேண்டியவர் வரவில்லை. காலையிலிருந்து நின்ற பிலோமினாவே அதையும் சேர்த்துப் பார்த்தார். நாற்பத்திரண்டு படுக்கைகள். மூன்று மணிக்குள் கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்துவிட்டது.

பதினோராம் படுக்கையில் உமையாள் இருந்தார். வயது அறுபத்தொன்று. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் அண்டா இறக்கி, குத்தவைத்துக் காய் நறுக்கி, முழங்கால் தேய்ந்துபோனவர். மூட்டு மாற்றும் ஆபரேஷனுக்கு ஒன்றரை வருடம் காத்திருந்து, மறுநாள் வியாழக்கிழமைக்குத் தேதி கிடைத்திருந்தது. வீட்டில் கணவர் சுடலைமுத்து பக்கவாதத்தில் படுத்துக் கிடந்தார். அவரைத் தூக்கி உட்காரவைக்க உமையாளை விட்டால் ஆளில்லை. ஒரு மாதம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று நாத்தனார் சிவகாசியிலிருந்து வந்திருந்தார். "இந்த ஒரு தடவைதான் மதினி" என்று வந்த அன்றே சொல்லியும் விட்டார்.

பெரிய ஆபரேஷன் என்றால் இதயத்தைப் பார்க்காமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். உமையாளுக்கு ஈசிஜி எடுத்தாயிற்று, நன்றாகவே இருந்தது. மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா என்று மயக்க மருந்து டாக்டர் செம்பியன் கேட்டதற்கெல்லாம், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டார். படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டுப் பயனில்லை. மூட்டு வலியில் அவர் படி ஏறியே இரண்டு வருடமாகிறது.

மூன்றரை மணிக்குப் பிரஷர் பார்க்கப் போன பிலோமினா, உமையாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டார்.

"கொஞ்சம் படுங்கம்மா. நாளைக்கு ஆபரேஷன் இருக்குல்ல?"

"ஒண்ணு சொல்லணும் சிஸ்டர். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னா சொல்லுதேன்."

பிலோமினாவுக்கு இன்னும் முப்பத்தோரு படுக்கை பாக்கி. நோயாளிகளின் ரகசியங்கள் அவருக்குப் பழகியவை. டயட்டில் இருப்பவர் ஒளித்துத் தின்ற வடையாக இருக்கும், முழுங்காமல் துப்பிய மாத்திரையாக இருக்கும். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "சொல்ல மாட்டேன், சொல்லுங்க" என்றார்.

"மூணு வாரமா மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது. உக்காந்தேதான் தூங்குதேன். டாக்டர்ட்ட சொன்னா நெஞ்சப் பாக்கணும்னு தேதியத் தள்ளிருவாக. நாத்தனா கெளம்பிருவா. அப்பறம் அந்த மனுசன யாரு தூக்குவா?"

பிலோமினா பிரஷரை எழுதிக்கொண்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார். படுத்தால் மூச்சு முட்டுவது இதயம் தளர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அதை ஈசிஜி காட்டாமலும் போகலாம். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த மருத்துவமனையில் எக்கோ செவ்வாயும் வெள்ளியும் மட்டும். சொன்னால் வியாழக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டால் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போனாலும் போகலாம்.

மீதிப் படுக்கைகளைப் பார்க்கும்போது இரண்டு தடவை பதினோராம் படுக்கையைக் கடந்தார். இரண்டு தடவையும் உமையாள் சிரித்தார். இவரும் சிரித்துவிட்டுப் போனார். உட்கார்ந்து பேசத் தெம்பில்லை.

ஐந்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் செம்பியனைப் பிடித்து, உமையாளின் மூச்சுமுட்டலைச் சொன்னார்.

"ஈசிஜி நல்லாத்தானே இருந்துச்சு சிஸ்டர்?"

"இருந்துச்சு சார். ஆனா மூணு வாரமா உக்காந்தே தூங்குறாங்க."

செம்பியன் கண்ணை மூடித் திறந்தார். காலையிலிருந்து ஆறு கேஸ் முடித்திருந்தார். "எக்கோ பாக்காம நான் மயக்கம் குடுக்க மாட்டேன்" என்று பட்டியலில் உமையாளின் பெயரை அடித்தார். பிறகு வார்டுக்கு வந்து அவரிடமே விவரத்தைச் சொன்னார். உமையாள் டாக்டரைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற பிலோமினாவைத்தான் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை எக்கோ எடுத்தார்கள். இதயம் திடமாக இருந்தது, வால்வுகளில் குறையில்லை. வயிற்று அமிலம் மேலேறி மூச்சை அடைத்திருக்கிறது. மாத்திரையில் பத்தே நாளில் சரியாயிற்று. ஆனால் அடுத்த தேதி நான்கு மாதம் தள்ளித்தான் கிடைத்தது. நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டார். டிஸ்சார்ஜ் ஆகும்போது உமையாள், "உங்கள நம்பித்தான சொன்னேன் சிஸ்டர்" என்றார்.

மறைத்தவர் உமையாள். வாக்கை மீறியவர் பிலோமினா. தேதியைத் தள்ளியவர் செம்பியன். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு கேட்கிறேன்: இதில் யார் செய்தது சரி?

விடை: செம்பியன் செய்தது சரி. வெள்ளிக்கிழமை தெரிந்ததை வைத்துப் புதன்கிழமையைத் தீர்க்கக் கூடாது. அன்று அவர் கையில் இருந்தது ஒரு மூச்சுத்திணறல் மட்டும். உமையாள் தனக்காக மறைக்கவில்லை. ஆனால் அவரே போய்விட்டால் சுடலைமுத்துவைத் தூக்க நிரந்தரமாக ஆளிருக்காது என்பதை யோசிக்கவில்லை. பிலோமினா டாக்டரிடம் சொன்னதும் சரியே. விஷயம் தெரியாமல் வாக்குக் கொடுத்தது ஒரு பிழை. "என்னால மறைக்க முடியாதும்மா, வாங்க சேந்தே சொல்லுவோம்" என்று உமையாளிடம் முதலில் சொல்லாமல் சிரித்துக் கடந்தது அதைவிடப் பெரிய பிழை. இது அவருக்கே தெரியும். நான்கு மாதம் கழித்து, சத்துணவுக் கூடத்துப் பெண்கள் முறைவைத்துச் சுடலைமுத்துவைப் பார்த்துக்கொள்ள, உமையாளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பிலோமினா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "அன்னைக்கு மொதல்ல உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். உமையாள் கையை நீட்டி, "பாத்ரூம் வரைக்கும் நடக்கணும், பிடிங்க சிஸ்டர்" என்றார்.